முழுகாமல் இருந்த மூன்று மாதம்

ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏன் தனித்தனிக் கட்டிலில் படுக்கிறார்கள் என்பதுதான் ஜெர்மனியில் எனக்கு வந்த முதல் பெரிய சந்தேகம். பஸ் எங்கே நிற்கும், கடிதத்தில் எந்த மூலையில் கையெழுத்து வைப்பது என்ற சந்தேகங்களுக்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். இதை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நான் சொல்வது டிவியில் வந்த ஒரு சோடியை. எண்பத்தாறாம் ஆண்டு. ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், அகதிகளுக்கென்று எடுத்த பழைய கட்டடம் ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை, அதில் யாரோ தானமாகக் கொடுத்த ஒரு டிவி. புதன்கிழமைகளில் பின்னேரம் நாலரைக்கு அதில் ஒரு பழைய அமெரிக்கச் சிரிப்பு நாடகம் போகும். எங்கள் அம்மாமார் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. எல்லோரும் ஜெர்மன் கதைத்தார்கள், வாய் ஒரு பக்கம் போகச் சொல் இன்னொரு பக்கம் வந்தது. பகிடி முடிய முன்னமே எங்கிருந்தோ கொல்லென்று ஒரு கூட்டம் சிரிக்கும். என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா முதல் நாள் எழும்பிப் போய் யன்னலால் எட்டிப் பார்த்தார், யார் வெளியில் நின்று சிரிப்பதென்று.

நாடகத்தில் புருஷன் ஒரு பல் வைத்தியர். பெண்சாதி ஊரில் உள்ள போட்டிக்கெல்லாம் கள்ளப் பெயரில் எழுதிப் போடுகிறவள். பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும். ஒவ்வொரு கிழமையும் அவள் புருஷனிடம் ஒரு பொய் சொல்லுவாள், விக்கல் வரும், பிடிபடுவாள், மன்னிப்புக் கேட்பாள். கடைசியில் இரண்டு பேரும் படுக்கப் போவார்கள். அங்கேதான் அந்த இரண்டு கட்டில். நடுவில் சின்ன மேசை, மேசையில் ஒரு விளக்கு. விளக்கை யார் அணைப்பதென்று கொஞ்சம் சண்டை பிடிப்பார்கள். அணைத்ததும் நாடகம் முடிந்துவிடும்.

"அந்த மனிசனுக்கு ஏதும் தொத்து வருத்தமோ?" என்றார் அக்கா.

"கோவமா இருக்கும்."

"கிழமைக்குக் கிழமையோ? கோவம் எண்டாலும் ஒருநாள் ஆறாதே?"

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பில் மாட்டிக்கொண்ட புருஷனுக்காகக் காத்திருந்தார். அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். எனக்கும் அப்படித்தான். இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் ஒன்றரை வருடம் சண்டை பிடிக்காமல் இருந்திருக்க ஏலாது.

எனக்கு அந்த நாடகத்தில் கட்டிலை விட ஆச்சரியமாக இருந்தது அவளுடைய மறதி. போன புதன் புருஷன் கத்தின கத்தலுக்கு வேறு ஒருத்தி என்றால் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டாள். இவள் அடுத்த புதன் ஒன்றும் நடக்காதவள் போல் புதுச் சட்டையோடு கேக் சுட்டுக்கொண்டு நிற்பாள். குணம் மட்டும் இம்மியும் மாறாது. அதே பொய், அதே விக்கல். நடந்தது மட்டும் துடைத்தாற்போல் போய்விடும். இப்படி ஒரு பிறவி எழுதுகிறவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று நான் யோசித்திருக்கிறேன். ஏனென்றால் என்னிடம் இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்கள் கேட்டது அதற்கு நேரெதிர். அகதி விசாரணையில் நாலு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். எந்தச் சூழ்நிலையில் நாட்டை விட்டு வந்தீர்கள், எந்தத் திகதி, எந்தப் பாதை. முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒரு நாள் பிசகினாலும், முரண்பாடு என்று எழுதி அடியில் கோடு போட்டார்கள். அந்த விசாரணையில்தான் 'உம்ஷ்டெண்ட' என்ற சொல்லைப் பாடமாக்கினேன். சூழ்நிலைகள் என்று பொருள்.

கட்டில் விஷயத்தில் எனக்கு இருந்த அக்கறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவர், அதாவது என் புருஷன், எனக்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டார். அவரை டுசல்டோர்ஃபில் போட்டார்கள். நான் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர, என்னை இங்கே போட்டார்கள். ஒன்றரை மணித்தியால ரயில் தூரம்தான். ஆனால் அகதியாக விண்ணப்பித்தவர் தனக்கு ஒதுக்கின மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் ஒரு அடி வெளியே வைக்கக் கூடாது. எங்கள் கல்யாணப் பதிவுப் பத்திரம் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. ஆகவே கந்தோரைப் பொறுத்தவரை நாங்கள் கல்யாணம் முடித்தோம் என்று வாயால் சொல்லுகிற இரண்டு அந்நிய ஆட்கள். சேர்த்து வையுங்கோ என்று போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. மாசி மாதத்தில் மூன்று நாள் மட்டும் என்னைப் பார்க்க அவருக்கு முத்திரை குத்தி அனுமதி கொடுத்தார்கள்.

முத்திரை இல்லாமலும் அவர் வந்தார். மாதத்தில் ஒன்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ரயிலில் வந்து பின்னேர ரயிலில் போவார். அந்த ஞாயிறுகளில் அக்கா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கீழே போய்க் குதிரையோட்டம் பார்ப்பார். அவருக்குக் குதிரை மேல் அப்படி என்ன ஆசை என்று ஹைமில் ஒருவரும் கேட்கவில்லை. டிவியில் குதிரை ஓடி முடிந்து வேறு என்னென்னவோ போனாலும் அவர் எழும்பமாட்டார்.

ஆனி மாதம் போல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆடியில் நிச்சயமாகிவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியுமட்டும் வாய் திறக்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்பது எங்களில் உள்ள வழக்கம். அது சொல்லாமல் இருப்பதற்கு வசதியான சாட்டு. உண்மைக் காரணம் பயம். கந்தோர்க் கணக்கில் மாசியில் கடைசியாகப் பார்த்த புருஷனுக்கு ஆடியில் பெண்சாதி எப்படிப் பிள்ளைத்தாச்சி ஆவாள்?

பகிடி என்னவென்றால், அதே நாட்களில் டிவியில் அவளும் ஆனாள்.

அதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். நாடகத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் திடீரென்று எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டே திரியத் தொடங்கினாள். உடுப்புக் கூடை, பெரிய பூச்சாடி, பேப்பர் கட்டு. கதிரையில் இருந்தால் மடியில் ஒரு தலையணை. கோடை காலக் கதையில் தடித்த கோட்டு. புருஷன் அவளைக் கட்டிப்பிடிக்க வருகிறபோதெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாமான் நின்றது.

"அக்கா, உவள் வயித்தை மறைக்கிறாள்," என்றேன்.

"உனக்கென்னெண்டு தெரியும்?" என்று அக்கா டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

அடுத்த புதன் விஷயம் வெளியே வந்தது. ஆனால் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அவள் புருஷனுடைய காதுக்குள் குசுகுசுக்கிறாள். எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் மயங்கி விழுகிறார். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து என்ன என்று கேட்க, அவர் எழும்பி இருந்து, இவள் 'இன் அண்டரன் உம்ஷ்டெண்டன்' என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அது விசாரணைச் சொல் அல்லவா? இவளையும் விசாரித்துவிட்டார்களா? அகராதியை எடுத்துத் தேடினேன். வேறு சூழ்நிலைகளில் இருக்கிறாள் என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே, பழைய வழக்கு என்று சின்ன எழுத்தில்.

அன்றைக்கு அந்த அகராதியோடு நெடுநேரம் இருந்தேன். ஒரு சனம் முழுக்க, பிள்ளை பெறுகிற விஷயத்தை நேரே சொல்ல வெட்கப்பட்டு, சுற்றி வளைத்து ஒரு சொல் செய்து வைத்திருக்கிறது. எங்களிடம் இல்லையா? எங்களில் யார் கர்ப்பம் என்று சொல்கிறார்கள்? அது டொக்டர் சொல்கிற சொல். வீட்டில், முழுகாமல் இருக்கிறாள் என்போம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகுவதுதானே வழக்கம், அந்த முழுக்கு இந்த மாதம் இல்லை. சொன்னதும் பொம்பிளைகளுக்கு விளங்கும், ஆம்பிளைகள் விளங்காத மாதிரி நிற்பார்கள். விக்கல்காரிக்கும் இந்தக் கதைகளில் ஒரு விக்கலும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். புருஷனுக்கும் ஊருக்கும் ஒளித்தாள், பொய் சொன்னாள், தொண்டை சுத்தமாக இருந்தது. எழுதினவர்கள் மறந்துபோனார்களா, அல்லது இந்தப் பொய்யை மட்டும் அவர்கள் பொய்யாகக் கணக்கெடுக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கடுத்த புதன் டிவியைப் போட்டால் அவளுக்கு வயிறே இல்லை. இடுப்பு ஒட்டின சட்டை, கையில் கூடையும் இல்லை, ஏணியில் ஏறி நிற்கிறாள். பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பிள்ளைக்கு என்ன நடந்தது?" அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஏன் ஒருத்தரும் அழேல்லை? என்ன சனமடி உது?"

டிவிக்காரர் படங்களை ஒழுங்கு மாறிப் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. இரண்டு கிழமையில் வயிறு திரும்ப வந்தது. ஆனால் அன்றைக்கு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். டிவி நாடகத்துக்கு இப்படிப் பயப்படுகிறாயே விசரி என்று என்னையே திட்டினேன். பயம் போகவில்லை.

ஹைமுக்குப் பொறுப்பாக ஒரு ஜெர்மன் பெண் இருந்தார். தட்டைச் சப்பாத்தும் இடுப்பில் சாவிக்கொத்துமாகத் திரிந்ததால், எங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தாதிகளைக் கூப்பிடுகிற மாதிரி அவரை எங்களுக்குள் மிஸி என்போம். நல்ல மனுஷி. நான் மூன்று நாள் தொடர்ந்து சத்தி எடுத்ததை அவர் கண்டுவிட்டார். தொத்து வருத்தமாக இருக்கலாம், தனி இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கேட்டால் நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறேன். கடைசியில் அந்தச் சனிக்கிழமை, எங்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்ல வருகிற பெடியனைக் கூட்டிக்கொண்டு அறைக்கே வந்துவிட்டார். பெடியன் சென்னைக்காரன், ஆஹெனில் இஞ்சினியரிங் படித்தான். ஜெர்மன் நன்றாக வரும். தமிழும் வரும், ஆனால் எங்கள் தமிழ் அவனுக்கு அரைவாசிதான் வரும்.

"மேடம், ஹெல்த் பிராப்ளம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா உங்களை வேற இடத்துக்கு மாத்துவாங்களாம்," என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பொறுக்கமாட்டாமல் திறந்தார். "தம்பி, அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவ மூண்டு மாசமா முழுகாமல் இருக்கிறா. அதை மிஸியிட்டச் சொல்லுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அக்காவுக்குச் சொல்லவே இல்லை. என் துணிக்கொடியை மாதக்கணக்காக நோட்டம் பார்த்திருக்கிறார் மனுஷி. பெடியனும் ஒரு நிமிஷம் திகைத்தான். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான், மெல்ல ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தான். பிறகு மிஸியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். அதில் மூன்று மாதம் என்ற சொல்லும் குளித்தல் என்ற சொல்லும் எனக்கு விளங்கின.

மிஸியின் முகம் இரக்கத்தால் இளகிப்போனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். பெடியன் தமிழில் சொன்னான்: "ஷவர் ரூம் கதவுல தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கே, அதனாலதான் குளிக்கப் பயமான்னு கேக்கறாங்க."

அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்படி இல்லையடா தம்பி என்று சொல்ல நாக்கு நுனிமட்டும் வந்தது. மிஸியின் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தேன். அதில் எழுதினால் அது கந்தோருக்குப் போகும், கந்தோர் மாதத்தை எண்ணும், எண்ணினால் இவர் பிடிபடுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், பயம்தான்," என்றேன்.

திங்கட்கிழமை புதுத் தாழ்ப்பாள் வந்தது. பச்சை நிறத்தில் ஒரு சவுக்காரம், ஒரு புதுத் துவாய். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பதினொன்றுவரை குளியலறை எனக்கு மட்டும் என்று கதவில் பேப்பர் ஒட்டினார்கள். உண்மையில் நான் நாள் தவறாமல் விடியற்காலை ஐந்தரைக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவள். இப்போது ஊத்தைக்காரி என்று பெயர் வாங்கிச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் குளித்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் பாடு. மற்ற நாட்களில் குளித்த தலையை மிஸி கண்ணில் படாமல் துணியால் கட்டிக்கொண்டு திரிந்தேன். செவ்வாய், வெள்ளியில் ஈரத் தலையோடு வேண்டுமென்றே அவர் கதவைத் தாண்டி நடந்தேன். மிஸி என் முதுகில் தட்டிக்கொடுப்பார். டிவிக்காரி குணம் மாறாமல் நடிக்கிறது எவ்வளவு வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

"முழுகிக்கொண்டே முழுகாமல் இருக்கிற ஒரே பொம்பிளை இந்த உலகத்தில நீதானடி," என்பார் அக்கா.

இவருக்கு ஒரு ஞாயிறு சொன்னேன். கேட்டதும் கட்டிலில் இருந்தவர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். மாசி, பங்குனி, சித்திரை என்று வைகாசிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"இப்ப சொல்லாதையும்," என்றார். "முதல் சேர்ந்திருக்க விடட்டும். பேந்து குறைமாசத்துப் பிள்ளை எண்டு சொல்லுவம்."

"கந்தோர் நம்பினாலும் டொக்டர் நம்புவாரே?"

"பிடிபட்டால் என்ரை கேசைப் பழுதாக்கிப் போடுவாங்கள். நான் களவா வந்து போனவன் எண்டு ஃபைலில ஏறினால் அவ்வளவுதான்."

"பிள்ளைக்குத் தகப்பன் ஆர் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைக் கொழுவினார். நான் கோபத்தில் படி வரைக்கும் போகவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே இருப்பதென்றுதான் முடிவெடுத்தேன். டொக்டரிடம் போகவில்லை. கூடை, துவாய், சோற்றுப்பானை என்று எதையாவது வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அந்த வித்தையை யாரிடம் படித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. டொக்டரிடம் போகாமல் இருந்தது இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சை இடிக்கும்.

புரட்டாதிக் கடைசியில் எங்கள் அன்ட்ராக்குக்கு டெர்மின், விசாரணைக்கு நாள், வந்தது. கந்தோரில் இரண்டு பேரும் ஒரே நாளில் வரவேண்டும், தனித்தனியாக விசாரிப்பார்கள். மொழிபெயர்க்க அதே சென்னைப் பெடியனை மிஸி ஒழுங்கு செய்துவிட்டார். முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். சொன்னபடியே சொல்லிவிட்டேன் என்று பொருள்.

உள்ளே இருந்த அதிகாரி ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி. நான் பெரிய கோட்டைக் கழற்றாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கல்யாணம் எங்கே நடந்தது, தாலி கட்டும்போது யார் பக்கத்தில் நின்றார்கள், இவருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்காது. எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டார். மாசியில் என்றேன். எனக்கு விக்கல் வரவில்லை. இவர் சொன்னதோடு பொருந்தியிருக்க வேண்டும், தலையை ஆட்டி எழுதினார்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். பெயர், பிறந்த திகதி எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்து ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தபடி ஏதோ கேட்டார்.

"குழந்தைங்க இல்லைல்ல, அக்கா?" என்றான் பெடியன்.

நான் வாய் திறக்கவில்லை. அதிகாரி அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடப் போனார். மற்ற வெறும் கட்டங்களிலும் அப்படித்தான் போட்டிருந்தார், குறுக்கே ஒரு நேர்கோடு. பேனா நுனி பேப்பரில் பட்டதைக் கண்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை அசைந்தது என்று சொன்னால் நல்லாக இருக்கும், அப்படி ஒன்றும் அசையவில்லை. எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"நைன்," வேண்டாம் என்று ஜெர்மனில் கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே முழு வசனம் வாயில் வந்தது. "இஹ் பின் இன் அண்டரன் உம்ஷ்டெண்டன்."

பெடியன் முழித்தான். அவன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மனில் அந்தச் சொல் இல்லை. "சூழ்நிலை மாறிடுச்சுன்னு சொல்றீங்களா? என்ன சூழ்நிலை?" என்று கேட்டான். ஆனால் கிழவருக்கு உடனே விளங்கிவிட்டது. பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சொல்லை அவர் தன் தாயின் வாயில்தான் கடைசியாகக் கேட்டிருப்பார் போல, ஒரு சின்னப் பெடியனைப் போல் காது சிவந்துபோனார். எழும்பிப் போய்ப் பின்னால் இருந்த யன்னலைத் திறந்துவிட்டார், எனக்குக் காற்று வேண்டுமென்று.

திரும்ப வந்து இருந்து, எத்தனை மாதம் என்று கேட்டார். நாலரை என்று விரலில் காட்டினேன். அவர் ஃபைலைப் பின்னுக்குப் புரட்டினார். மாசி மாத முத்திரையில் கை நின்றது. மேசையைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

பெடியனுக்கு இப்போது எல்லாம் சேர்ந்து விளங்கியது. சவுக்காரம், துவாய், தாழ்ப்பாள் எல்லாம். முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயோ, அக்கா, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினான்.

"அதை விடுங்கோ தம்பி. அவர் என்ன கேக்கிறார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா யாருன்னு கேக்கறாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதிகாரி மேலும் கோபம், பெடியன் மேலும் கோபம், வெளியே வாங்கில் இருந்த மனுஷன் மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம். "வேற ஆர்? என்ரை மனிசன்தான்!"

"ஆனா உங்க ஹஸ்பண்ட் இப்பதான் இதே சேர்ல உக்காந்து, பிப்ரவரிக்கு அப்புறம் பார்க்கவே இல்லைன்னு சொன்னாரே."

"அவர் பொய் சொன்னவர். நானும் பொய்தான் சொன்னனான். இப்ப சொல்லுறதை எழுதச் சொல்லுங்கோ."

சொன்னேன். எந்தெந்த ஞாயிறு, எத்தனை மணி ரயில், எந்த நாள் மழை, எந்த நாள் அவருடைய சப்பாத்து ஓட்டையாகிக் காலுறை நனைந்து ஹீற்றரில் காயப்போட்டோம், எந்த நாள் சண்டை பிடித்தோம். அகதி விசாரணையில் திகதி பிசகிப் பிசகித் திண்டாடினவள், இதில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பெடியன் சொல்லச் சொல்லக் கிழவர் எழுதினார். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார். பதினொன்று. பிறகு படிவத்தைத் திரும்ப எடுத்து, அந்தக் கட்டத்தில் விழுந்திருந்த சின்னப் புள்ளியை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு, நான் போகலாம் என்றார்.

வெளியே வந்து இவருக்குச் சொன்னேன். அவர் வாங்கில் இருந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொண்டையுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். ஒருதரம் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு அவர் வரவில்லை. போன் கூட இல்லை. மிஸி என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், பிள்ளை சுகமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று என்னை நானே பேசினேன், அடுத்த நிமிஷம் பிள்ளையை மறுத்த மனுஷன் என்று அவரைப் பேசினேன். அக்காவுக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் அவர் கீழே போகாமல் என்னோடு அறையில் இருந்தார்.

ஆறாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, இவர் வாசலில் நின்றார். கையில் ஒரே நாள் தபாலில் வந்த இரண்டு கடிதம். ஒன்றில், அனுமதி இல்லாமல் பதினொரு முறை மாவட்டத்தைத் தாண்டினதற்குத் தண்டம். மற்றதில், பதினொரு முறை ஆபத்தைப் பாராமல் போய்ப் பார்த்திருப்பதால் இவர்கள் கணவன் மனைவிதான் என்று கொள்ளலாம், ஆகவே சேர்ந்து வாழ டுசல்டோர்ஃபில் அனுமதி. இரண்டு கடிதத்திலும் அதே திகதிகள், அதே ஒழுங்கில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து அந்தத் திகதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"உது பிழை," என்றார்.

"என்ன பிழை? எல்லாம் சரியாத்தானே சொன்னனான்."

"பன்னிரண்டு."

எனக்கு விளங்கவில்லை.

"கந்தோருக்குப் போன அடுத்த ஞாயிறும் வந்தனான். உள்ளுக்கு வந்தால், திரும்பவும் களவா வந்திட்டான் எண்டு ஆரும் எழுதிப் போட்டால் உம்மட கேசும் போயிடும். அதால றோட்டுக்கு அங்கால பஸ் ஹோல்ட்டில நிண்டனான். நீர் வாசல் படியில இருந்து தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருந்தீர். கோட்டுப் போடேல்லை. வயிறு தெரிஞ்சது." அவர் கடிதத்தை மடித்தார். "முழுப் பழத்தையும் நீரே திண்டீர். அதைப் பாத்திட்டு அடுத்த பஸ்ஸில போயிட்டன்."

அந்த ஞாயிறு எனக்கு நல்ல ஞாபகம். அந்தப் படியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சுளைக்கும் அவரை ஒவ்வொரு வசை பேசித்தான் தின்றேன்.